வக்கீல் ஃபின்னி, பிரசங்கியார் ஃபின்னி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பிரசங்கியார் சார்லஸ் ஃபின்னியின் பெயர் நம் சபைகளில் அடிக்கடி அடிபடுகிறது. எழுப்புதல், அதாவது ஜனங்கள் திரளாக மனந்திரும்பும் ஆவிக்குரிய விழிப்பு, என்று பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் அவருடைய காட்டு ஜெபத்தைச் சொல்வார், இன்னொருவர் அவர் ஆலைக்குள் நுழைந்ததும் தறிகள் நின்ற கதையைச் சொல்வார். முழு வாழ்க்கை தெரிந்தவர்கள் குறைவு. வாலிபர் கூட்டங்களிலும் வேதபாட வகுப்புகளிலும் வழக்கமாக எழும் கேள்விகளை இங்கே சேர்த்து, எனக்கு உறுதியாகத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். அவர் நீதிமன்றத்தை விட்டு வெளியே வந்தார், ஆனால் நீதிமன்றம் அவரை விட்டுப் போகவில்லை. அவருடைய பலமும் அதில்தான் இருந்தது, அவர்மேல் வந்த விமர்சனங்களில் பாதியும் அதிலிருந்தே வந்தது.

ஃபின்னி யார்? எந்த ஊர், எந்தக் காலம்?

1792 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், வாரன் என்ற சிற்றூரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அப்போது அது காடு வெட்டிப் புதிதாகக் குடியேறிய இடம். பிறகு ஒன்டாரியோ ஏரிக்கரைப் பக்கம் போனார்கள். பக்கத்தில் சபையும் இல்லை, நல்ல போதகரும் இல்லை. வீட்டிலும் ஜெபம் கிடையாது. ஆக, விசுவாசக் குடும்பத்தில் வளர்ந்து ஊழியத்துக்கு வந்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது.

நெடுநெடுவென்ற உயரம், துளைத்துப் பார்க்கும் கண்கள், நல்ல குரல். செல்லோ வாசிப்பார். வாலிப வயதில் பள்ளிக்கூட வாத்தியாராக வேலை பார்த்தார். கல்லூரிப் பக்கம் போனதே இல்லை.

கல்லூரிக்கே போகாமல் வக்கீல் ஆனது எப்படி?

அந்தக் காலத்து அமெரிக்காவில் சட்டக் கல்லூரிப் பட்டம் கட்டாயம் இல்லை. ஒரு வக்கீலின் ஆபீஸில் சேர்ந்து, அவருடைய புத்தகங்களைப் படித்து, கூடவே இருந்து தொழில் பழகுவதுதான் வழக்கம். 1818ல், 26 வயதில், ஆடம்ஸ் என்ற ஊரில் பெஞ்சமின் ரைட் என்ற வக்கீலிடம் ஃபின்னி சேர்ந்தார். சில வருஷங்களில் கட்சிக்காரர்கள் இவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். தொழில் அவருக்குப் பிடித்திருந்தது. நன்றாகவும் வந்தது.

அவர் முதல்முதலாக பைபிள் வாங்கியது சட்டம் படிக்கத்தான் என்கிறார்களே?

ஆமாம், அவரே தன் நினைவுக்குறிப்பில் அப்படித்தான் சொல்கிறார். படித்த சட்டப் புத்தகங்களில் மோசேயின் நியாயப்பிரமாணம் அங்கங்கே ஆதாரமாகக் காட்டப்பட்டிருந்தது. சரி, மூலத்தையே பார்ப்போம் என்று ஒரு பைபிள் வாங்கினார். ஒரு வசனத்தைப் பார்க்கப் போனவர் அதன் முன்னும் பின்னும் வாசித்தார், பிறகு அதற்கே நேரம் ஒதுக்க ஆரம்பித்தார்.

அதே சமயம் ஊரிலிருந்த பிரஸ்பிட்டேரியன் சபையில் பாடகர் குழுவை நடத்திக்கொண்டிருந்தார். விசுவாசத்தினால் அங்கே போகவில்லை, இசைக்காகப் போனார். போதகர் ஜார்ஜ் கேல் பிரின்ஸ்டனில் இறையியல் படித்தவர். பிரசங்கம் முடிந்த பிறகு இருவரும் உட்கார்ந்து வாதாடுவார்கள். 'மனந்திரும்பு என்கிறீர்கள். மனுஷனால் தானாக மனந்திரும்ப முடியாது என்றும் சொல்கிறீர்கள். முடியாத காரியத்துக்கு ஒருவனை எப்படிக் குற்றவாளி ஆக்குவது?' என்பது ஃபின்னியின் குறுக்கு விசாரணையின் சாரம். கேலிடம் அவருக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. கடைசிவரை ஃபின்னி எழுதிய இறையியல் முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே ஓடுகிறது.

ஜெபக் கூட்டத்தில் ஒருநாள் 'உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?' என்று கேட்டார்கள். வேண்டாம் என்று விட்டார். நீங்கள் எவ்வளவோ ஜெபிக்கிறீர்கள், ஒன்றுக்கும் பதில் வந்ததாகத் தெரியவில்லை, நான் இங்கே வர ஆரம்பித்த பிறகு நீங்கள் செய்த ஜெபத்துக்குப் பலன் இருந்திருந்தால் ஆடம்ஸை விட்டுப் பிசாசே ஓடியிருக்குமே என்கிற விதமாக முகத்துக்கு நேரே சொன்னார். அந்தச் சபையார் அதற்காக அவரை வெறுத்து ஒதுக்கவில்லை. கொஞ்சப் பேர் அவருக்காக ஜெபித்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் பெரிதாக வருவதில்லை. எனக்கு அவர்கள்மேல் தனி மரியாதை உண்டு.

1821 அக்டோபர் 10 அன்று காட்டில் என்ன நடந்தது?

கதை அதற்குச் சில நாட்கள் முன்பே தொடங்குகிறது. ஒரு ஞாயிறு மாலை, இரட்சிப்பின் விஷயத்தை உடனே தீர்த்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தார். ஆனால் வெட்கம் விடவில்லை. அதுவரை சட்டப் புத்தகங்களோடு மேசையில் கிடந்த பைபிளை, இப்போது யாராவது உள்ளே வந்தால் சட்டப் புத்தகத்தைப் போட்டு மறைத்தார். ஜெபிக்கும்போது சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று கதவின் சாவித்துவாரத்தை அடைத்தார்.

புதன் காலை ஆபீஸுக்குப் போகிற வழியில் உள்ளுக்குள் ஒரு கேள்வி எழுந்தது: எதற்காகக் காத்திருக்கிறாய்? இன்றைக்கே ஏற்றுக்கொள்வாயா? ஆபீஸுக்குத் திரும்பாமல் ஊருக்கு வெளியே மேட்டின் மேலிருந்த காட்டுக்குப் போனார். போகும்போதும் ரைட் பார்த்துவிடப் போகிறாரே என்று வேலியோரமாகப் பதுங்கித்தான் நடந்தார். விழுந்து கிடந்த மரங்களுக்கிடையே முழங்கால்போட்டு, இருதயத்தைக் கொடுக்காமல் இங்கிருந்து இறங்குவதில்லை என்று உறுதி எடுத்தார். ஜெபமே வரவில்லை. இலை சலசலத்தாலும் யாரோ வருகிறார்கள் என்று தலையைத் தூக்கிப் பார்த்தார்.

அந்த இடத்தில்தான் அவர் உடைந்தார். தேவனுக்கு முன்பாக முழங்காலில் இருப்பதை இன்னொரு மனிதன் பார்த்துவிடுவானே என்று வெட்கப்படுகிற தன் பெருமை எவ்வளவு பெரிய பாவம் என்று கண்டார். யார் பார்த்தாலும் சரி என்று சத்தமிட்டுக் கதறினார். முழு இருதயத்தோடு தேடினால் கண்டடைவீர்கள் என்ற எரேமியா 29ஆம் அதிகாரத்து வாக்கு அவர் நினைவுக்கு வந்தது. அதைத் தனக்கென்று எழுதிக் கொடுத்த உறுதிமொழியாகவே பிடித்துக்கொண்டார்.

அன்று பிற்பகல் ஆபீஸ் வேறு இடத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. ரைட்டும் இவரும் புத்தகங்களையும் மேசை நாற்காலிகளையும் சுமந்து வைத்தார்கள். இருட்டிய பிறகு ரைட் விடைபெற்றுப் போனார். கணப்பில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. பின்னறைக்கு ஜெபிக்கப் போன ஃபின்னி, அங்கே கிறிஸ்துவை முகமுகமாகச் சந்தித்ததுபோல இருந்தது என்கிறார். திரும்பி வந்து நெருப்பருகே உட்காரப் போனபோது பரிசுத்த ஆவியானவர் தன்மேல் இறங்கியதை, திரவமான அன்பு அலை அலையாகத் தன் வழியே பாய்ந்ததாக விவரிக்கிறார். பாடகர் குழுவிலிருந்து ஒருவர் வந்து, அவர் சத்தமாக அழுவதைப் பார்த்து, வலியா என்று கேட்டார். இல்லை, உயிர் தாங்காத அளவுக்குச் சந்தோஷம் என்றார் ஃபின்னி.

'வக்காலத்து' கதை நிஜமா?

நிஜம்தான். அடுத்த நாள் காலை சபையின் உதவிக்காரர் ஒருவர் ஆபீஸுக்கு வந்து, 10 மணிக்கு என் வழக்கு இருக்கிறதே, தயாரா என்று கேட்டார். ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து தம்முடைய வழக்கை நடத்த என்னிடம் வக்காலத்து கொடுத்துவிட்டார், உங்கள் வழக்கை நான் நடத்த முடியாது என்றார் ஃபின்னி. அந்தக் கட்சிக்காரர் யோசித்தபடியே வெளியே போய், எதிர்த்தரப்போடு சமாதானமாகி வழக்கையே முடித்துக்கொண்டார்.

பிரசங்கத்தில் இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு இதைவிடப் பிடித்தது ரைட்டின் கதை. 'எனக்கு ஜெபிக்க வீட்டில் அறை இருக்கிறது, ஃபின்னி மாதிரி காட்டுக்குப் போகமாட்டேன்' என்று முரண்டு பிடித்தார் அவர். நாட்கள் போயும் சமாதானம் வரவில்லை. தடுத்து நிற்பது அந்தப் பெருமைதான் என்று கடைசியில் அவருக்கே புரிந்தது. அவரும் காட்டுக்குத்தான் போனார், பாடிக்கொண்டு திரும்பி வந்தார்.

இறையியல் கல்லூரியில் படித்தாரா?

இல்லை. மூப்பர் சங்கத்தார் பிரின்ஸ்டனுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே படித்து வந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தேன், நான் அப்படி ஆக விரும்பவில்லை என்று மறுத்துவிட்டார். துடுக்குத்தனம்தான். பிறகு கேல் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார், அதாவது பழைய வாக்குவாதம் தொடர்ந்தது. 1823 டிசம்பரில் பிரசங்கிக்க உரிமம் கிடைத்தது, 1824 ஜூலையில் அபிஷேகம் பெற்றார். உரிமத் தேர்வில் 'வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையை (பிரஸ்பிட்டேரியன் சபையின் கொள்கை ஆவணம்) ஏற்கிறீரா?' என்ற கேள்விக்கு, 'எனக்குப் புரிந்த அளவில் ஏற்கிறேன்' என்று பதில் சொல்லித் தப்பித்தார். அதைத் தான் அப்போது சரியாகப் படித்திருக்கவே இல்லை என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். ஒரு சபையின் விசுவாச அறிக்கையைப் படிக்காமலே ஒப்புக்கொண்டது தவறு என்றுதான் நான் நினைக்கிறேன்.

அவரை முதலில் ஊழியத்துக்கு அனுப்பியது யூட்டிகாவிலிருந்த ஒரு பெண்கள் மிஷனரி சங்கம். ஒரு பெரிய எழுப்புதல் ஊழியத்தின் முதல் சம்பளத்தைக் கொடுத்தவர்கள் பெண்கள் என்பதை யாரும் சொல்வதில்லை.

வக்கீல் தொழில் அவருடைய பிரசங்கத்தில் எப்படித் தெரிந்தது?

அன்றைக்கு நன்கு படித்த போதகர்கள் பிரசங்கத்தை எழுதிவைத்து வாசிப்பார்கள். ஃபின்னி முதல் 12 வருஷம்போல ஒரு வரிகூட எழுதவில்லை. எந்த வக்கீலாவது ஜூரிக்கு, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல உட்காரும் பொதுமக்கள் குழுவுக்கு, முன்னால் கட்டுரை வாசிப்பானா என்பது அவருடைய வாதம். ஜூரியில் இருப்பவர்கள் விவசாயிகள், தச்சர்கள், கடைக்காரர்கள். அவர்கள் பேசுகிற வார்த்தையில் பேச வேண்டும், அவர்கள் தொழிலிலிருந்து உதாரணம் எடுக்க வேண்டும், புரியவில்லை என்று முகம் சொன்னால் அதையே வேறு விதமாகத் திரும்பச் சொல்ல வேண்டும். மேடையிலும் அவர் அதைத்தான் செய்தார். மற்றவர்கள் 'பாவிகள்' என்று பொதுவாகப் பேசியபோது இவர் 'நீ' என்று விரல் நீட்டினார். இது பிரசங்க மேடையின் கண்ணியத்துக்குக் குறைவு என்று சக போதகர்கள் கடிந்துகொண்டார்கள்.

இதற்கெல்லாம் மேலாக, வக்கீலுக்குத் தீர்ப்பு வேண்டும். அருமையாகப் பேசினீர்கள் என்ற பாராட்டை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? எவன்ஸ் மில்ஸ் என்ற ஊரில் சில வாரங்கள் பிரசங்கித்தார். ஜனங்கள் ரசித்தார்கள், புகழ்ந்தார்கள், யாரும் மனந்திரும்பவில்லை. ஒரு மாலை அவர் நேராகக் கேட்டார்: கிறிஸ்துவை ஏற்றுக்கொள்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள், ஏற்காதவர்கள் உட்கார்ந்திருங்கள். எல்லாரும் உட்கார்ந்தே இருந்தார்கள். 'அப்படியானால் நீங்கள் கிறிஸ்துவை மறுத்துவிட்டீர்கள், ஒருவருக்கொருவர் சாட்சி' என்றார். கோபத்தோடு எழுந்து வெளியேறினார்கள். ஊரே கொதித்தது. மறுநாள் அவரும் ஒரு சபை உதவிக்காரரும் உபவாசமிருந்து நாள் முழுக்க ஜெபித்தார்கள். அன்று மாலை இடம் கொள்ளாத கூட்டம். அந்த ஊரின் எழுப்புதல் அன்றைக்குத் தொடங்கியது.

இதில் ஆபத்தும் இருக்கிறது. ஜூரியை அழவைத்துத் தீர்ப்பு வாங்க முடியும், அந்தத் தீர்ப்பு மறுநாள் காலை நிற்குமா என்பது வேறு விஷயம். ஃபின்னியே பிற்காலத்தில், மனமாற்றம் அடைந்தவர்கள் ஆழத்தில் வளரவில்லையே என்று வருந்தினார். பரிசுத்தத்தைப் பற்றி அவர் அதிகம் பேச ஆரம்பித்ததற்கு அந்தக் கவலையும் ஒரு காரணம்.

ஆலையில் தறிகள் நின்ற கதை?

1826ல், யூட்டிகாவுக்கு அருகே நியூயார்க் மில்ஸ் என்ற இடத்தில் ஒரு பருத்தி ஆலை. முந்தின மாலை அங்கே பிரசங்கித்துவிட்டு, காலையில் ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போனார். வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் நூல் அறுந்தது. அதை முடிய முடியாமல் அவள் கை நடுங்கியது. ஃபின்னி ஒன்றும் பேசாமல் கவலையோடு பார்த்தபடி நின்றார். அவள் அழுதுகொண்டே உட்கார்ந்துவிட்டாள், அது அறை முழுவதும் பரவியது. விசுவாசியல்லாத ஆலை முதலாளி, ஆலை ஓடுவதைவிட இவர்கள் ஆத்துமா முக்கியம் என்று சொல்லி ஆலையை நிறுத்தச் சொன்னார். இது ஃபின்னி நினைவிலிருந்து எழுதியது. அங்கே எழுப்புதல் நடந்தது உண்மை.

கல்யாணம் ஆன கையோடு மனைவியை விட்டுவிட்டுப் போனாராமே?

1824 அக்டோபரில் லிடியா ஆண்ட்ரூஸைத் திருமணம் செய்தார். இரண்டொரு நாளில், வீட்டுச் சாமான்களைக் கொண்டுபோக வண்டி ஏற்பாடு செய்துவிட்டு வருகிறேன் என்று எவன்ஸ் மில்ஸுக்குக் கிளம்பினார். போன இடத்தில் எழுப்புதல், அடுத்த ஊரில் அழைப்பு, பிறகு பனிக்காலம். வசந்தத்தில்தான் மனைவியை அழைத்துவரக் கிளம்பினார். அந்தப் பயணமும் முடியவில்லை. குதிரைக்கு லாடம் அடிக்க ஒரு ஊரில் நின்றபோது ஜனங்கள் பிரசங்கிக்கச் சொன்னார்கள், அங்கேயும் ஆவியின் அசைவு கண்டு தங்கிவிட்டு, வேறொருவரை அனுப்பி லிடியாவை வரவழைத்தார்.

இதை அர்ப்பணிப்பின் அடையாளமாகச் சொல்லும் பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். ஆறு மாதம் காத்திருந்த புதுப்பெண்ணின் பக்கத்திலிருந்து யாரும் சொல்லிக் கேட்டதில்லை. லிடியா பின்னாளில் பெண்களின் ஜெபக் கூட்டங்களை நடத்தி, ஆறு பிள்ளைகளைப் பெற்று, 1847ல் இறந்தார். ஃபின்னி பிறகு எலிசபெத் அட்கின்சன் என்ற விதவையை மணந்தார். ஃபின்னியின் இங்கிலாந்து பயணங்களில் எலிசபெத்தும் பெண்களுக்குக் கூட்டம் நடத்தினார். அவரும் 1863ல் இறந்தபின், ரெபெக்கா ரேல் மூன்றாவது மனைவியானார்.

அவரை மற்ற போதகர்கள் ஏன் எதிர்த்தார்கள்?

ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்தில் பெண்கள் வாய்விட்டு ஜெபிக்கலாம் என்றார். பாவியின் பெயரைச் சொல்லியே ஜெபித்தார். நாள்கணக்கில் தொடர் கூட்டங்கள் நடத்தினார். தேடுகிறவர்களை முன்வரிசை இருக்கைக்கு வரச் சொன்னார். இவையெல்லாம் 'புதிய முறைகள்' என்று பெயர் வாங்கின. 1827 ஜூலையில் நியூ லெபனான் என்ற ஊரில் இரு தரப்பும் கூடிப் பேசியும் தீரவில்லை. போஸ்டனின் பெரிய போதகர் லைமன் பீச்சர், நீ கனெக்டிகட்டுக்குள் வந்தால் மாநில எல்லையிலேயே பீரங்கிக்காரர்களோடு எதிர்கொண்டு போஸ்டன் வரை அங்குலம் அங்குலமாகப் போராடுவேன் என்று எச்சரித்ததாகத் தன் சுயசரிதையில் எழுதுகிறார். அதே பீச்சரின் போஸ்டனில் 1831ல் ஃபின்னி பிரசங்கித்தார், அதுவும் அழைப்பின் பேரில்.

முறைகளைவிட ஆழமான சண்டை இறையியலில். எழுப்புதல் என்பது அற்புதம் இல்லை, தேவன் கொடுத்த வழிகளைச் சரியாகப் பயன்படுத்தினால் விளைவது என்றார் ஃபின்னி. விதைத்த விவசாயி தேவனுடைய ஆசீர்வாதத்தோடு அறுப்பதைப்போல என்பது அவர் சொன்ன உதாரணம். பாவி தன் இருதயத்தைத் தானே மாற்றக் கடமைப்பட்டவன் என்றும் பிரசங்கித்தார். கிருபைக்கு இதில் இடம் எங்கே என்று பிரின்ஸ்டன் இறையியலாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஃபின்னி ஆவியானவரின் வேலையை மறுக்கவில்லை, ஒவ்வொரு பக்கத்திலும் ஜெபத்தைப் பற்றித்தான் பேசுகிறார். ஆனால் அவருடைய சூத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்களின் கையில் எழுப்புதல் ஒரு நிகழ்ச்சி ஏற்பாடாக மாறியதை மறுக்க முடியாது.

ரோசெஸ்டர் எழுப்புதல் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

ஈரி கால்வாய் 1825ல் திறந்ததும் ரோசெஸ்டர் மாவு ஆலைகளால் வேகமாக வளர்ந்த நகரம். பணம் வந்தது, குடியும் வந்தது. 1830ல் அங்கிருந்து அழைப்பு வந்தபோது, சபைகளுக்குள் சண்டை, ஒரு சபைக்குப் போதகரே இல்லை, அங்கே போகாதே என்று யூட்டிகா நண்பர்கள் சொன்னார்கள். ஃபின்னியும் சம்மதித்துப் படுக்கப் போனார். தனியே இருக்கும்போது மறுவிசாரணை தொடங்கியது. போகக் கூடாது என்று அடுக்கிய காரணங்கள் எல்லாம் போக வேண்டிய காரணங்கள் அல்லவா? எல்லாம் சரியாக இருந்தால் நான் எதற்கு? காலையில் கால்வாய்ப் படகில் மேற்கே கிளம்பினார்.

செப்டம்பரில் வந்தவர் அடுத்த மார்ச் வரை தங்கினார். ஆறு மாதம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ரோசெஸ்டரை ஒரு வாரக் கன்வென்ஷன்போல நினைக்கிறவர்கள் அதிகம். பிரசங்கம், வீடு வீடாகச் சந்திப்பு, தேடுகிறவர்களுக்குத் தனிக் கூட்டம் என்று நாள்தோறும் வேலை. அங்கே மனந்திரும்பியவர்களில் வக்கீல்களும் வியாபாரிகளும் நிறைய. ஒரு பிரபல வக்கீலின் மனைவி முதல் ஆட்களில் ஒருவர். இப்படிப்பட்டவர்களுக்கு ஊரார் முன்னால் எழுந்து வருவது அவமானமாக இருந்தது. முன் இருக்கைக்கு அழைக்கும் முறையை அவர் முழுமையாகப் பயன்படுத்தத் தொடங்கியது அதனால்தான். சாவித்துவாரத்தை அடைத்த மனிதருக்கு அந்த வெட்கம் எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரியாதா?

அந்த வருஷக் கடைசி நாளில், ஃபின்னியின் கூட்டத்தில் மனந்திரும்பிய தியடோர் வெல்ட் மதுவிலக்குப் பற்றி நீண்ட நேரம் பேசினார். மளிகை வியாபாரிகள் சிலர் விஸ்கி பீப்பாய்களைத் தெருவுக்கு உருட்டிவந்து உடைத்தார்கள். விற்கிறவனே சரக்கை உடைத்தான் என்பது எனக்கு எந்தப் புள்ளிவிவரத்தையும்விடப் பெரிய சாட்சி.

1842ல் மறுபடி ரோசெஸ்டர் வந்தபோது வக்கீல்களே அவரைக் கேட்டுக்கொண்டு தங்களுக்கென்று ஒரு தொடர் பிரசங்கம் ஏற்பாடு செய்தார்கள். படிப்படியாக ஆதாரம் வைத்து வாதம் கட்டினார் ஃபின்னி. ஒரு இரவு, கூட்டத்திலிருந்த நீதிபதி ஒருவர் மேடைக்குப் பின்புறமாக ஏறிவந்து, அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்து, 'என் பெயரைச் சொல்லி எனக்காக ஜெபிப்பீர்களா? நான் முன் இருக்கைக்கு வருகிறேன்' என்றார். அதைப் பார்த்த வக்கீல்கள் பலர் எழுந்து முன்னே வந்தார்கள்.

'ஃபாதர் நாஷ்' என்பவர் யார்?

டேனியல் நாஷ். வயதான போதகர், கண் நோயினால் இருட்டறையில் நாட்களைக் கழித்தபோது ஜெபத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தவர். பெயர்ப் பட்டியல் வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்காகவும் ஜெபிப்பார். ஃபின்னி போகும் ஊர்களுக்குப் போய், கூட்டத்தில் தலைகாட்டாமல் எங்கேயாவது ஒரு அறையில் முழங்காலில் இருப்பார். 1831ல் இறந்தார்.

அடிமை முறையைப் பற்றி அவர் நிலைப்பாடு என்ன?

எதிர்ப்புதான். 1832ல் நியூயார்க் நகரில், ஒரு நாடகக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து ஆலயமாக்கிய சாத்தம் தெரு சபைக்குப் போதகரானார். அங்கே அடிமை வைத்திருப்பவர்களுக்கு இராப்போஜனம் கிடையாது என்று அறிவித்தார். 1834ல் அடிமை ஒழிப்புக்கு எதிரான கலவரக் கும்பல் அந்த ஆலயத்துக்குள் புகுந்தது.

அதே வருஷம் சின்சினாட்டியில் லேன் செமினரி என்ற இறையியல் கல்லூரியில், அடிமை முறையைப் பற்றிப் பேசவே கூடாது என்று நிர்வாகம் தடுத்தது. வெல்ட் உள்ளிட்ட மாணவர்கள் பெரும்பாலோர் வெளியேறினார்கள். அவர்களை ஏற்க ஒஹாயோவின் ஓபர்லினில் புதிதாகத் தொடங்கிய கல்லூரி முன்வந்தது. இறையியல் ஆசிரியராக வர ஃபின்னி நிபந்தனை வைத்தார்: உள் விவகாரங்களில் அறங்காவலர்கள் தலையிடக் கூடாது, கறுப்பினத்தவரையும் சமமாகச் சேர்க்க வேண்டும். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் அது நிறைவேறியது. 1835ல் அங்கே போனவர் கடைசிவரை அந்த ஊர்க்காரராகவே இருந்தார். 1851 முதல் 15 வருஷம்போல கல்லூரியின் தலைவர். ஆண்களோடு பெண்களும் சேர்ந்து படித்த கல்லூரி அது, 1841ல் மூன்று பெண்கள் அங்கே இளங்கலைப் பட்டம் பெற்றார்கள். தப்பியோடும் அடிமைகளுக்கு ஓபர்லின் ஊரே புகலிடம். 1858ல் ஜான் பிரைஸ் என்ற தப்பிவந்த அடிமையைப் பிடித்துக்கொண்டு போனபோது ஊர் ஜனங்கள் துரத்திப்போய் மீட்டு, ஃபின்னியோடு வேலை பார்த்த பேராசிரியர் ஜேம்ஸ் ஃபேர்சைல்டின் வீட்டில் ஒளித்துவைத்தார்கள்.

இத்தனைக்கும் பிறகும் ஒரு குறை நிற்கிறது. நியூயார்க் ஆலயத்தில் வெள்ளையரும் கறுப்பரும் கலந்து உட்காருவதை ஃபின்னி ஒத்துக்கொள்ளவில்லை. எழுப்புதல் முதலில், அடிமை ஒழிப்பு அதன் பின்னால் வரட்டும் என்று வெல்ட்டுக்கு ஆலோசனை சொன்னார், இல்லாவிட்டால் உள்நாட்டுப் போர் வரும் என்று பயந்தார். வெல்ட் கேட்கவில்லை. இந்த விஷயத்தில் சீஷன் குருவைத் தாண்டிப் போனான் என்பதே என் எண்ணம். முன் இருக்கைக்கு எல்லாரையும் அழைத்தவர், அடுத்த இருக்கையில் யார் உட்காருவது என்பதில் தயங்கியிருக்கக் கூடாது.

பணம் சம்பாதித்தாரா?

இல்லை. ஓபர்லினுக்குப் பண உதவி செய்வதாக வாக்குக் கொடுத்த வியாபாரி ஆர்தர் டப்பன் 1837ன் பொருளாதார நெருக்கடியில் நொடித்துப்போக, சம்பளம் நின்றது. பயணப் பெட்டியை விற்று ஒரு பசு வாங்கும் நிலை வந்தது. அந்தச் சமயம் பிராவிடன்ஸ் நகரத்து விசுவாசி ஒருவரிடமிருந்து 200 டாலர் காசோலை வந்ததை நன்றியோடு நினைவுகூர்கிறார்.

ஃபிரீமேசன் என்ற இரகசியச் சங்கத்தில் இருந்தாரா?

இளம் வயதில் சேர்ந்தார். மனந்திரும்பிய பிறகு விலகினார். 1860களின் இறுதியில் அதை எதிர்த்துப் பகிரங்கமாக எழுதினார்.

தமிழ்நாட்டோடு தொடர்பு ஏதாவது உண்டா?

ஃபின்னி இந்தியாவுக்கு வந்ததில்லை. அவர் கட்டி வளர்த்த ஓபர்லின் கல்லூரியிலிருந்து இளைஞர்கள் 20ஆம் நூற்றாண்டில் மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் வந்து வேலை செய்தார்கள், அது ஒரு நேரடித் தொடர்பு. மற்றபடி, நம் கன்வென்ஷன் மைதானங்களில் 'ஒப்புக்கொடுக்கிறவர்கள் முன்னே வாருங்கள்' என்ற அழைப்பைக் கேட்கும்போது ரோசெஸ்டரின் முன் இருக்கையின் வழித்தோன்றலைத்தான் கேட்கிறோம். ஒரே வித்தியாசம், முன்னே வந்தவர்களோடு அவர் மாதக்கணக்கில் அதே ஊரில் இருந்தார். நம் மேடைகள் மூன்றாம் நாள் பிரிக்கப்பட்டுவிடுகின்றன.

எப்போது இறந்தார்?

1875 ஆகஸ்ட் 16, ஓபர்லினில். 83வது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருந்தது. அடக்கமும் அங்கேயே.

அவரைப் பற்றிப் படிக்க எங்கே தொடங்கலாம்? அவர் எழுதியதை அப்படியே நம்பலாமா?

நினைவுக்குறிப்பிலிருந்து தொடங்குங்கள். 75 வயதில், 1867-68ல், நாற்பது ஐம்பது வருஷம் முந்தின விஷயங்களை நினைவிலிருந்து சொன்னது அது. தேதிகளும் வரிசையும் சில இடங்களில் குழம்பும். பீச்சரின் பீரங்கிப் பேச்சு தனக்கு நினைவில்லை என்கிறார் ஃபின்னி, பீச்சரோ விவரமாக எழுதியிருக்கிறார். எனவே எதிர்த்தரப்பு சாட்சியையும் விசாரித்துப் படிப்பது நல்லது. 1876ல் ஃபேர்சைல்ட் அதைப் பதிப்பித்தபோது உயிரோடிருந்தவர்கள் மனம் புண்படும் பகுதிகளை நீக்கிவிட்டார். மூலத்தை முழுமையாகச் சேர்த்த பதிப்பு 1989ல் வந்தது. கிடைத்தால் அதையே வாங்குங்கள், காட்டு ஜெபம் வரும் அதிகாரத்தோடு நிறுத்திவிடாமல் ஓபர்லின் வருஷங்கள் வரை படியுங்கள்.